சிறுதீவுகளின் கதை

கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் கடற்கரைப் பாதையிற் பயணம் செய்தவர்கள் அதன் அழகை எளிதில் மறக்கமாட்டார்கள். இடப்பக்கம் ஓயாது ஒலிக்கும் கடல். வலப்பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நெல்வயல். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து செல்ல, பொத்துவிலைக் கடந்ததும் பிறைபோல் வளைந்து கிடக்கும் அறுகம்பே நம்மை எதிர்கொள்கிறது. அலைமேற் சறுக்கி விளையாடுவதற்கென்றே உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் அக்குடாவை நாடி வருகின்றனர்.

ஆனால், அப்பாதையில் இன்னொரு காட்சியும் உண்டு. வழியிலுள்ள எந்த வைத்தியசாலைக்கேனும் கிளினிக் நாளன்று காலையிற் சென்று பாருங்கள். வெறுவயிற்றோடு வந்து, கிளினிக் கொப்பியைக் கையிற் பற்றிக்கொண்டு, இரத்தப் பரிசோதனைக்காக வாங்குகளில் வரிசையாக அமர்ந்திருப்போரைக் காண்பீர்கள். வயற்காரர் உளர், கடற்றொழிலாளர் உளர், மருதமுனை நெசவாளர் உளர், ஆசிரியர்களும் உளர். அவர்களுள் முதியவளான ஓர் உம்மும்மா, தன்னை அழைத்துவந்த பேரனைப் பார்த்து ஒரு வினாவை எழுப்புவது இக்கரையோரத்தில் வழமை: "சீனியை நான் வாயிலும் வைப்பதில்லையே, மகன், எனக்கு எப்படிச் சீனி வருத்தம் வந்தது?"

வினா எளியது; விடை எளியதன்று. அவ்விடையைத் தேடி அறிவியலார் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்திருக்கின்றனர். அவர்கள் நடந்த வழியை நாமும் ஒருமுறை நடந்து பார்த்தல் வீண்போகாது. ஏனெனில், அவ்வினாவின் பின்னே இன்னொரு வினா மறைந்து நிற்கிறது. "என் பேரப்பிள்ளைகளுக்கும் இது வருமா?" என்பதே அது.

நோயின் பரப்பை முதலில் நோக்குவோம். 2008ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, இலங்கையில் இருபது வயதுக்கு மேற்பட்டோருள் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப் பேர் நீரிழிவு உடையவர் எனக் கூறிற்று. அவ்வாய்வு ஒன்பது மாகாணங்களுள் ஏழில் மட்டுமே நிகழ்ந்தது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் விடுபட்டன. நோயை எண்ணப் புகுந்தோரின் ஏட்டிலே கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் அன்று இடமில்லாது போயிற்று. பின்னர் 2018, 2019ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதையும் தழுவி நடந்த ஆய்வோ, வளர்ந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 23 பேர் என்னும் தொகையைக் கண்டது. நால்வர் அமர்ந்திருக்கும் திண்ணையில் ஏறக்குறைய ஒருவர் என்று கொள்ளலாம்.

தீவைக் கண்ட மாணவர்

வயிற்றினுள், இரைப்பைக்குப் பின்னே, குறுக்காகக் கிடக்கும் உறுப்பு சதையி. தமிழகத்தார் அதனைக் கணையம் என்பர். 1869ஆம் ஆண்டில் பேர்லின் நகரில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த இருபத்தொரு வயது மாணவரான பவுல் லாங்கர்கான்ஸ் சதையியை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தார். செரிமானச் சாற்றைச் சுரக்கும் கலங்களின் நடுவே, கடலிற் கிடக்கும் தீவுகள்போலச் சில கலத்திரள்கள் தனித்து நிற்பதை அவர் கண்டார். அவற்றின் தொழில் யாது என்பதை அவர் அறிந்தாரல்லர்; அறியேன் என்றே எழுதியும் வைத்தார். பிற்காலத்தார் அவற்றுக்கு லாங்கர்கான்சின் சிறுதீவுகள் எனப் பெயரிட்டனர்.

மனிதச் சதையி ஒன்றிலே ஏறத்தாழப் பத்து இலட்சம் சிறுதீவுகள் உள்ளன. எனினும் அவை யாவற்றையும் ஒன்றுசேர்த்தாலும் சதையியின் எடையில் நூற்றில் ஒன்று அல்லது இரண்டு பங்குதான் தேறும். அவற்றிலுள்ள கலங்களுள் பாதிக்கு மேற்பட்டவை பீற்றாக் கலங்கள். இன்சுலின் என்னும் ஓமோனைச் சுரப்பவை இவையே. ஓர் ஆளின் வாழ்வு முழுவதும் உண்ணும் சோற்றையும் ரொட்டியையும் பழத்தையும் உடல் பயன்கொள்ளுமாறு செய்யும் பொறுப்பு, இத்துணைச் சிறிய திரளிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

1889இல் மின்கோவ்ஸ்கி, மேரிங் என்னும் இருவர் நாயொன்றின் சதையியை அகற்றினர். அந்நாய் நீரிழிவுக்கு ஆளாயிற்று. சதையிக்கும் சீனி வருத்தத்துக்குமுள்ள தொடர்பு அன்று வெளிப்பட்டது. 1921இல் கனடாவின் ரொறொன்ரோ நகரில் பாண்டிங், பெஸ்ட் ஆகியோர் சதையியிலிருந்து மருந்துச்சாற்றைப் பிரித்தெடுக்க முயன்றனர். 1922 சனவரி 11ஆம் நாள், பதினான்கு வயதுச் சிறுவன் லெனாட் தொம்சனுக்கு அச்சாறு முதன்முறையாக ஏற்றப்பட்டது. அது தூயதன்று, பயனும் குறைவு. கொலிப் என்னும் வேதியியலார் அதனைத் தூய்மையாக்கித் தர, அதே மாதம் 23ஆம் நாள் மீண்டும் ஏற்றப்பட்டது. சிறுவன் தேறினான். அக்காலத்தில் அந்நோய் கண்ட சிறுவருக்குச் சாவே முடிவாக இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ஊசியின் பெருமை விளங்கும்.

அன்று தொடங்கிப் பல பத்தாண்டுகள்வரை மாட்டின் சதையியிலிருந்தும் பன்றியின் சதையியிலிருந்துமே இன்சுலின் எடுக்கப்பட்டது. உணவில் விலக்குகளைப் பேணும் சமூகத்தாருக்கு அஃது ஒரு மனக்குறையாக இருந்தது இயல்பே. 1978இல் மனித இன்சுலினுக்குரிய பரம்பரையலகைப் பற்றீரியாவினுட் புகுத்தி, மனித இன்சுலினையே அப்பற்றீரியாவைக்கொண்டு ஆக்குவித்தனர். 1982இல் அது மருந்தாகப் பயன்பாட்டுக்கு வந்தது. மனிதனின் அலகை நுண்ணங்கி ஒன்று வாசிக்கக்கூடும் என்றால், அந்த வாசிப்பு என்பதுதான் யாது? நம் வினாவின் நடுப்பகுதிக்கு இப்போது வந்துவிட்டோம்.

ஆற்றுநீரும் வட்டவிதானையும்

நம் உடலிற் கருவுடைய கலம் ஒவ்வொன்றிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையிலே ஒரே நூல் முழுவதும் எழுதப்பட்டுள்ளது. புரதங்களை ஆக்கும் முறையைக் கூறும் அலகுகள் அதில் ஏறத்தாழ இருபதினாயிரம். இன்சுலினுக்குரிய அலகு பதினோராம் நிறமூர்த்தத்தில் அமைந்துள்ளது. இங்கேதான் வியப்பு. அவ்வலகு சதையியில் மட்டும் உள்ளதன்று. கண்ணிலும் ஈரலிலும் தோலிலும் எலும்பிலும் உள்ளது. ஆயினும் கண் இன்சுலினைச் சுரப்பதில்லை, ஈரலும் சுரப்பதில்லை. எங்கும் எழுதப்பட்டிருக்கும் ஒரு செய்தி, பீற்றாக் கலத்தில் மட்டும் வாசிக்கப்படுவதன் காரணம் என்ன?

அம்பாறைக் கரையில் வாழ்வோருக்கு இதனை விளக்குதல் கடினமன்று. கல்லோயாவின் நீர் சேனாநாயக்க சமுத்திரத்திலே தேங்கி நிற்கிறது. வாய்க்கால்கள் எல்லா வட்டைகளுக்கும் செல்கின்றன. ஆனால், நீர் எல்லா வயலிலும் எந்நேரமும் பாய்வதில்லை. இன்ன நாளில், இன்ன வட்டைக்கு, இத்துணை நேரம் என்று பார்த்து மதகைத் திறக்கவும் அடைக்கவும் வட்டவிதானை இருக்கிறார். அவர் திறந்தாலன்றி வாய்க்கால் இருந்தும் பயனில்லை. பரம்பரையலகும் அத்தகையது. அது வாய்க்கால், அதன் வாயிலே ஒரு மதகு, அந்த மதகைத் திறப்பதற்கென்றே தனிப்பட்ட சில புரதங்கள் உள்ளன. அவை டி.என்.ஏ. இழையில் உரிய இடத்தைப் பற்றிக்கொண்டு நின்றால், அலகு படியெடுக்கப்படும். படியெடுத்த செய்தி கலத்தினுட் சென்று புரதமாக உருப்பெறும். இதனையே பரம்பரையலகு வெளிப்படுதல் என்கின்றனர்.

மதகு உண்டு என்னும் உண்மையை 1961இல் தெளிவாக எடுத்துரைத்தவர்கள் பாரிசு நகரத்துப் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த பிரான்சுவா யக்கோப், யாக் மொனோ ஆகிய இருவர். அவர்கள் ஆராய்ந்தது ஓர் எளிய பற்றீரியாவை. பாற்சீனி கிடைக்கும்போது மட்டும் பாற்சீனியை உடைக்கும் நொதியத்தை அது ஆக்கிக்கொள்கிறது. பாற்சீனி இல்லாதபோது அவ்வலகை மூடி வைக்கிறது. 1965இல் அவர்களும் அவர்தம் மூத்த துணைவர் லுவோவும் நோபல் பரிசைப் பெற்றனர். வாழ்வு என்பது நூலை வைத்திருப்பதில் மட்டுமன்று, உரிய வேளையில் உரிய ஏட்டை விரிப்பதிலும் உள்ளது என்பதை உலகம் அன்று அறிந்துகொண்டது.

மதகு திறப்போர்

சதையி உருவாகும் வரலாற்றில் மதகு திறப்போர் பலர். அவர்களுள் தலைவர் பி.டி.எக்ஸ்.-1 என்னும் புரதம். 1994இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் அப்புரதத்துக்குரிய அலகை நீக்கிச் சுண்டெலிகளைப் பிறப்பித்தனர். பிறந்த குஞ்சுகளுக்குச் சதையியே இல்லை. 1997இல் மனிதரிடத்தும் இது மெய்ப்பட்டது. அவ்வலகின் இரு படிகளும் பழுதாகப் பிறந்த குழந்தை ஒன்றுக்குச் சதையி உருவாகியிருக்கவில்லை. ஒரு படி மட்டும் பழுதுற்ற உறவினர்க்குச் சதையி இருந்தது. ஆனால், நீரிழிவு இளமையிலேயே வந்து சேர்ந்தது.

தலைவருக்குப் பின் நியூரோஜெனின்-3 என்னும் புரதம் சிறிது காலம் தோன்றி, இக்கலம் சிறுதீவைச் சேர்ந்தது எனத் தீர்மானித்துவிட்டு மறைகிறது. அதன்பின் என்.கே.எக்ஸ்.6-1, மாஃப்-ஏ முதலியவை வந்து, இது பீற்றாக் கலம் என முத்திரையிடுகின்றன. இவற்றுள் ஒருவர் தம் வேளையைத் தவறவிட்டாலும் பின்வருவோரின் பணி கெடும்.

இவ்வாராய்ச்சி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மட்டும் நிகழ்வதன்று. பாக்கு நீரிணைக்கு அப்பால் சென்னையிலே, வைத்தியர் வி. மோகன், வி. ராதா முதலியோரும் பிறநாட்டு ஆய்வாளரும் இணைந்து, இளமையிலேயே நீரிழிவு தொடர்ந்து வரும் குடும்பங்களை ஆராய்ந்தனர். 289 பேரின் அலகுகள் வாசிக்கப்பட்டன. அவர்களுள் 152 பேர் இவ்வகை நீரிழிவு உடையோர் என மருத்துவர்கள் முன்னரே கருதியவர்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வு, மேலே கூறிய என்.கே.எக்ஸ்.6-1 அலகில் நேர்ந்த பழுதும் இத்தகைய நீரிழிவுக்குக் காரணமாகலாம் எனக் காட்டிற்று. எலியினிடத்து அறியப்பட்ட மதகு ஒன்று, தென்னிந்தியக் குடும்பத்து நோயோடு இவ்வாறு தொடர்புபடுத்தப்பட்டது.

இத்தகைய அறிவாற் பயன் என்ன எனக் கேட்போரும் உளர். அவர்களுக்குக் கைக்குழந்தைகளின் கதையே விடை. பிறந்து ஆறு மாதம் நிரம்புமுன்னரே நீரிழிவு காணும் குழந்தைகள் மிகச் சிலர் உளர். பீற்றாக் கலத்தினுட் குளுக்கோசு எரிந்து ஆற்றல் பெருகும்போது, கலத்தின் சுவரிலுள்ள பொற்றாசியக் கதவு ஒன்று மூட வேண்டும். அது மூடினாற்றான் கல்சியம் உட்புகும். கல்சியம் புகுந்தாற்றான் இன்சுலின் வெளிப்படும். இக்குழந்தைகள் பலரிடத்து அக்கதவை ஆக்கும் அலகில் விகாரம் நேர்ந்துள்ளது என 2004இல் இங்கிலாந்தின் எக்சிற்றர் ஆய்வாளர்கள் கண்டனர். கதவு மூட மறுக்கிறது. உள்ளே இன்சுலின் இருந்தும் வெளியே வர வழியில்லை. கதவை மூடவல்ல மாத்திரையோ பல ஆண்டுகளாகக் கடைகளில் விற்கப்படும் பழைய மருந்து. 2006இல் வெளியான ஆய்வில், இவ்விகாரமுடைய 49 பேருக்கு அம்மாத்திரை கொடுக்கப்பட்டது. அவர்களுள் 44 பேர் இன்சுலின் ஊசியைக் கைவிட்டனர். சென்னையிலும் இத்தகைய குழந்தைகள் கண்டறியப்பட்டு மாத்திரைக்கு மாற்றப்பட்டுள்ளனர். நாள்தோறும் தன் மகவின் மெல்லிய தோலிலே ஊசியைக் குத்த நேர்ந்த தாய் ஒருத்திக்கு, அலகை வாசித்தல் என்பது வெறும் ஏட்டுப் படிப்பாகத் தோன்றாது.

விதைப்புக்கு ஒரு காலம்

ஆயினும், நம் உம்மும்மாவின் நோய் ஓர் அலகின் பழுதால் வந்ததன்று. பெரும்பாலோர்க்கு வரும் நீரிழிவில் பல அலகுகள் சிறிது சிறிதாகப் பங்குகொள்கின்றன. உடல் இன்சுலினின் சொல்லைக் கேளாதிருத்தல் ஒருபுறம். சுரக்கும் கலங்கள் போதாமை மறுபுறம். 2003இல் அமெரிக்காவிற் பற்லர் என்பாரும் அவர்தம் குழுவினரும், இறந்தோரின் சதையிகளை ஆராய்ந்து ஓர் உண்மையை வெளியிட்டனர். உடல் பருத்த நீரிழிவாளரிடத்துப் பீற்றாக் கலத் திரள், அதே பருமனுடைய நோயற்றோரைவிட நூற்றுக்கு 63 பங்கு குறைந்திருந்தது. மெலிந்த நீரிழிவாளரிடத்து அக்குறைவு 41 பங்கு.

குறைந்தவை மீண்டும் வளரமாட்டாவா? தோல் கிழிந்தால் வளர்கிறது. ஈரலை அரிந்தாலும் வளர்கிறது. பீற்றாக் கலமோ வேறு இயல்புடையது. அது பெருகும் பருவம் தாயின் வயிற்றிலும் பிறந்த பின் முதற் சில ஆண்டுகளிலும் அமைந்துள்ளது. அதன்பின் பெருக்கம் விரைவாகத் தணிந்து, இருபது முப்பது வயதுக்குள் அத்திரள் பெரும்பாலும் நிலைபெற்றுவிடுகிறது. பெரும்போக விதைப்பைத் தவறவிட்ட வயற்காரர், மழை ஓய்ந்த பின் எத்துணை முயன்றும் அந்தப் போகத்தை மீட்கவியலாது. பீற்றாக் கலத்துக்கும் அத்தகைய ஒரு போகம் உண்டு.

பருவம் முடிந்ததை உணர்த்துவதும் ஓர் அலகின் வெளிப்பாடே. பி-16 எனப்படும் புரதம் வயது ஏற ஏறச் சிறுதீவுகளில் மிகுகிறது. அது மிகுந்த அளவுக்குக் கலப்பெருக்கம் தடைப்படுகிறது. 2006இல் எலிகளிடத்து இது காட்டப்பட்டது. இத்தடையை வெறுமனே பகை என்று எண்ணுதல் தவறு. கலங்கள் கட்டின்றிப் பெருகுவதே புற்றுநோய். அதிலிருந்து நம்மைக் காக்கும் காவலனும் இந்தப் பி-16தான். அதே காவலன் முதுமையிலே சிறுதீவின் வாயிலையும் அடைத்து நிற்கிறான் என்பதே நம் நிலைமை.

தாய்வயிற்றில் நிகழ்வது

விதைப்புக் காலம் தாயின் வயிற்றிலேயே தொடங்குமாயின், அவ்வயிற்றுக்குக் கிடைத்த உணவு எத்தகையது என்னும் வினா உடன் எழும். 2003இல் வைத்தியர் சித்தரஞ்சன் யாஜ்னிக் என்பாரும் பிறரும், மராட்டிய மாநிலத்துப் புனே நகரை அடுத்த கிராமங்களிற் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுதம்ற்றன் நகரத்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டு எழுதினர். இந்தியக் குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோகிராம், ஆங்கிலக் குழந்தையின் எடை 3.5 கிலோகிராம். ஆனால், தசையும் உறுப்புகளும் சிறுத்திருந்த அளவுக்கு இந்தியக் குழந்தையின் கொழுப்புச் சிறுத்திருக்கவில்லை. மெலிந்தது போலத் தோன்றும் உடலிலே, பின்னாளில் நீரிழிவை அழைக்கும் இயல்பு பிறப்பிலேயே பதிந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

1944, 1945ஆம் ஆண்டுகளின் மாரியில், போரினால் உணவு தடைப்பட்டு ஒல்லாந்து நாட்டின் மேற்குப் பகுதி கொடிய பஞ்சத்துக்கு ஆளாயிற்று. அப்பஞ்சத்தின்போது கருவிலிருந்தோர் ஐம்பது வயதை எய்தியபோது, அவர்களின் உடல் குளுக்கோசை ஆளும் திறனிற் குறைந்திருந்தது. 2008இல் வெளியான இன்னோர் ஆய்வு, கருவின் தொடக்கத்திற் பஞ்சத்தைக் கண்டோரிடத்து, வளர்ச்சியோடு தொடர்புடைய ஓர் அலகின்மேல் இடப்பட்ட வேதி அடையாளங்கள் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் மாறுபட்டு நிற்பதைக் காட்டியது. அவ்வலகின் எழுத்து மாறவில்லை. மேலே இடப்பட்ட குறியே மாறியது. தாய் பட்ட பசியைப் பிள்ளையின் உடல் ஒரு வாழ்நாள் முழுவதும் நினைவில் வைத்திருந்தது.

அதே 2008இல் அமெரிக்காவின் பிலடெல்பியா ஆய்வாளர்கள் இதனைப் பீற்றாக் கலத்திலேயே கண்டனர். கருவில் ஊட்டம் குறைந்து பிறந்த எலிகளில், முன்னர் நாம் தலைவர் என்று கூறிய பி.டி.எக்ஸ்.-1 அலகு சிறிது சிறிதாக மூடப்பட்டு, ஈற்றில் முற்றாகப் பூட்டுண்டது. எலிகள் நீரிழிவுக்கு ஆளாயின. வட்டவிதானையின் வீட்டுக் கதவையே தாழிட்டால் வட்டைக்கு நீர் எவ்வாறு பாயும்?

இதை வாசிக்கும்போது நம் கரையோரத்தை நினையாதிருக்க முடியவில்லை. போர்க்காலத்திற் கருவுற்ற தாய்மார் இங்கே எத்தனை பேர்! 2004 திசெம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி மருதமுனையையும் கல்முனையையும் சாய்ந்தமருதையும் அறுகம்பேயையும் அழித்தபோது, முகாம்களிலே பிள்ளைகளைச் சுமந்திருந்தோர் எத்தனை பேர்! அப்பிள்ளைகள் இன்று வளர்ந்து ஆளாகிவிட்டனர். ஒல்லாந்தின் கதை அப்படியே இங்கும் நிகழும் என்று தீர்ப்புரைப்பது முறையன்று. ஆனால், ஒல்லாந்தர் தம் பஞ்சத்துப் பிள்ளைகளை ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் மறவாது தேடி எண்ணினர். நாமும் எண்ண வேண்டாமா? ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகத்தைப் பெற்றிருக்கும் இப்பகுதி மாணவர்க்கு இதனினும் தகுந்த ஆராய்ச்சி எங்கிருந்து வர வேண்டும்?

மீண்டும் விதைக்கும் முயற்சி

போகம் தவறியபின் மீண்டும் விதைக்க வழியுண்டா என்று ஆராய்வோரும் தளரவில்லை. அவ்வழி இரண்டு கிளையாகப் பிரிகிறது.

முதற் கிளை, உள்ள கலத்தையே பெருகச் செய்தல். 2015இல் நியூயோர்க் நகரத்து ஆய்வாளர்கள், ஆயிரக்கணக்கான மருந்துப் பொருள்களை ஆராய்ந்து, ஹர்மீன் என்னும் ஒன்று மனிதப் பீற்றாக் கலத்தைப் பெருகச் செய்வதைக் கண்டனர். அப்பெயர் யூனானி வைத்தியருக்கு அந்நியமன்று. அரபு மொழியில் ஹர்மல் எனப்படும் செடியின் விதையிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிரித்தெடுக்கப்பட்ட பொருள் அது. கலப்பெருக்கத்தைத் தடுக்கும் ஒரு நொதியத்தை அது அடக்குகிறது. 2024இல் வெளியான ஆய்வில், எலிகளுக்குள் பதித்த மனிதச் சிறுதீவுகள், ஹர்மீனோடு வேறொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, மூன்று மாதங்களில் பீற்றாக் கலத் திரளில் நான்கு முதல் ஏழு மடங்கு பெருகின. இதைக் கேட்டு ஹர்மல் விதையைத் தேடி வாங்கி உண்ணப் புகுதல் பேதைமை, அவ்விதை நஞ்சுடையது. பீற்றாக் கலத்தை மட்டும் பெருக்கி, பிற கலங்களைத் தொடாதிருக்கும் வழியைக் காண்பதே ஆய்வாளரின் பெருங்கவலை.

இரண்டாம் கிளை, புதிய கலத்தை ஆக்குதல். எவ்வகைக் கலமாகவும் மாறவல்ல முதற்கலங்களை எடுத்து, கருவிலே மதகுகள் திறக்கும் அதே வரிசையில் ஒவ்வொரு மதகாகத் திறந்து, ஈற்றிற் பீற்றாக் கலத்தை வந்தடையும் முறையை 2014இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து டக்ளஸ் மெல்ற்றன் குழுவினர் வெளியிட்டனர். இவ்வாறு ஆக்கிய சிறுதீவுக் கலங்கள் நீரிழிவாளர் சிலருக்குப் பதிக்கப்பட்டன. இவர்கள், உடலின் காப்புப் படையே பீற்றாக் கலத்தைப் பகையெனக் கருதி அழித்துவிடும் முதல் வகை நீரிழிவினர். முழு அளவு பெற்ற பன்னிருவருள் பத்துப் பேர் ஓர் ஆண்டு கழிந்தபோது இன்சுலின் ஊசியின்றி வாழ்ந்தனர் என 2025இல் அறிவிக்கப்பட்டது. எனினும், பதித்த கலங்களை உடல் தாக்காதிருக்க அவர்கள் வேறு மருந்துகளைத் தொடர்ந்து உட்கொள்ள வேண்டியுள்ளது. லாங்கர்கான்ஸ் கண்ட தீவுகளை மனிதன் தன் கையாலேயே ஆக்கப் பழகிவிட்டான். ஆனால், அத்தீவுகள் கல்முனை வைத்தியசாலை வாங்குகளை வந்தடையும் நாள் தொலைவில் உள்ளது.

உம்மும்மாவுக்கு விடை

அந்நாள்வரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. உம்மும்மாவின் வினாவுக்கு இப்போது ஒருவாறு விடை கூறலாம்.

"சீனியை நீங்கள் உண்ணாதிருந்தாலும், உண்ட சோறு குளுக்கோசாகவே இரத்தத்தில் வந்து சேர்கிறது, உம்மும்மா. அதை ஆள்வதற்கென்று உங்களுக்குப் பிறப்பிலேயே ஒரு சிறு முதல் கொடுக்கப்பட்டது. அம்முதல் எத்துணை என்பது உங்கள் பெற்றோர் தந்த எழுத்தினாலும், உங்கள் உம்மா உங்களைச் சுமந்த காலத்து ஊணினாலும் ஒருபங்கு அமைந்தது. பின்வந்த வாழ்வு அம்முதலைச் செலவழித்தது. இது நீங்கள் செய்த குற்றமன்று. எஞ்சியிருக்கும் கலங்களின் சுமையைக் குறைத்து, உள்ளதைக் காப்பதற்கே இந்தக் கொப்பியும் மாத்திரையும் மாலை நடையும், கோப்பையிற் குறைத்துப் போடும் சோறும்."

பேரப்பிள்ளைகளைப் பற்றிய இரண்டாம் வினாவுக்கு விடை இன்னும் எழுதி முடியவில்லை. எழுத்தை நாம் மாற்ற இயலாது. மதகு திறக்கும் சூழலை ஓரளவு மாற்ற இயலும். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுவாசலுக்கு வந்து கருவுற்ற பெண்ணை நிறுத்துப் பார்ப்பதும், திரிபோஷப் பொதியைக் கையிற் கொடுப்பதும், இரத்தத்திற் சீனியைச் சோதித்து வருமாறு வற்புறுத்துவதும் சிலருக்கு வெறும் சடங்காகத் தோன்றலாம். உண்மையில், இன்னும் பிறவாத ஒரு குழந்தையின் சிறுதீவுகளுக்கு அப்போதுதான் விதைப்புக் காலம். திரிபோஷ மாவை வீட்டார் எல்லோரும் பகிர்ந்துண்டு, சுமப்பவளுக்கு ஒரு கரண்டியை மிச்சம் வைக்கும் வழக்கம் எங்கேனும் உண்டாயின், அது நீங்க வேண்டும். வீட்டில் இறுதியாக உண்பவள் மருமகள் என்னும் வழக்கமும் அவ்வாறே.

அடுத்த முறை கிளினிக் வாங்கில் உம்மும்மாவின் அருகே அமர்ந்திருக்கும் பேரன், பாடசாலையில் உயிரியல் பயில்பவனாக இருக்கக்கூடும். பரீட்சைக்காக அவன் மனப்பாடம் செய்த சதையியும் சிறுதீவும் பீற்றாக் கலமும், தன் வீட்டிலேயே, தன் உம்மா அடுத்த பிள்ளையைச் சுமக்கும் வயிற்றிலேயே இருப்பதை அவன் அறியட்டும். அறிந்து, அன்றிரவு உணவு பரிமாறும்போது, "உம்மா, முதலில் நீங்கள் உண்ணுங்கள்" என்று சொல்வானாயின், அவன் கற்ற கல்வி பயன் தந்துவிட்டது.